அழிக்கச் சொன்னதால் அழிக்கப்பட்ட விடைகள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தரைத்தளம், முதல் வீடு,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வு அலுவலகம்.

பொருள்: தேர்வறைக் கண்காணிப்பாளரின் தவறான அறிவிப்பால் தேர்வர்கள் தங்கள் விடைகளை நீக்கியது – கணினிப் பதிவைப் பாதுகாத்து, முடிவு வெளியாகும் முன் நீக்கிய விடைகளைக் கணக்கில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறார். சென்ற வாரம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், அழின்னு சொன்னதும் அவங்க ஆளு. இப்ப விடையே இல்லைன்னு சொல்றதும் அவங்க ஆளு. நாங்க யாருகிட்ட போய் நிக்கிறது?" வாழ்நாள் முழுக்கக் கரும்பலகை முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். இதற்கான பதில் தங்களிடம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

1. பாதிக்கப்பட்டவர் அவருடைய மகள். கட்டடத்தில் எந்த மின்விசிறி நின்றாலும் ஏணியோடு முதலில் வந்து நிற்பவள் என்பதால் எல்லோரும் அவளை 'ஸ்பேனர்' என்றே கூப்பிடுகிறோம். விண்ணப்ப எண்ணும் நுழைவுச்சீட்டின் நகலும் இணைப்பில் உள்ளன. விதிகளின்படி இதுவே அவளுக்கு அனுமதிக்கப்பட்ட கடைசி முயற்சி. இடம் கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கடை முதலாளி அவளுக்கும் ஒரு தேய்ப்பு இயந்திரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவள் இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறாள்.

2. இத்தேர்வை நானும் அவளோடு உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். என் காலத்தில் கணினித் திரையில் யாரும் தேர்வு எழுதவில்லை. திரையின் ஓரத்தில் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. விடையளித்தால் கட்டம் பச்சையாகிறது. விடையளித்துவிட்டு, 'இன்னொரு முறை பார்க்க வேண்டும்' என்று தேர்வரே குறித்து வைத்தால் ஊதாவாகி, மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளியுள்ள ஊதாவும் மதிப்பிடப்படும் என்று தங்கள் தகவல் கையேடே சொல்கிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய விடைத்தாளில் பேனாவால் கணக்கைப் போட்டுவிட்டு, சரிபார்ப்பதற்காக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி இருக்கிறது என்பதற்காக நான் ஒருநாளும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை. தங்கள் கையேடும் அதையேதான் சொல்கிறது.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதால், எண்ணாக விடை தரவேண்டிய கணக்குகளை இவள் போட்டு முடித்ததும் ஊதாவில் வைத்துவிட்டுக் கடைசியில் சரிபார்ப்பாள். ஆகவே அவளுடைய ஊதாக் கட்டங்கள் தெரியாமல் விட்ட கேள்விகள் அல்ல. எல்லாமே முழுதாகப் போட்டு முடித்த கணக்குகள்.

3. தேர்வு முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது கண்காணிப்பாளர் எழுந்து நின்று உரக்க அறிவித்திருக்கிறார்: "ஊதால இருக்கிறது எதுவும் செல்லாது. முதல்ல எல்லா ஊதாவையும் காலி பண்ணுங்க. அப்புறம் விடையப் போட்டு பச்சையாக்குங்க. சீக்கிரம்!" இவள் கையைத் தூக்கி, "சார், புள்ளி இருந்தா செல்லும்னு கையேட்டுல இருக்கே" என்றிருக்கிறாள். "கையேட்ட நீ படிச்சிருக்கேம்மா, நான் இந்த ஹால்லயே நிக்கிறேன். உனக்கு எது நல்லதோ அதச் சொல்றேன்" என்று பதில் வந்திருக்கிறது. சுற்றிலும் மவுஸ் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவளும் அழித்தாள். பதினொரு விடைகள். திரும்பப் போடுவதற்கு ஒவ்வோர் இலக்கத்தையும் திரையில் உள்ள எண்பலகையில் மவுஸால் தொட்டுத் தொட்டு அழுத்த வேண்டும். நான்கைப் போட்டு முடித்தபோது திரை தானாக மூடிக்கொண்டது. மீதி ஏழும் வெற்றுக் கட்டங்களாகவே போய்விட்டன.

அதே அறையில் எழுதிய வேறு இருவரைத் தேடிப் பேசினோம். ஒருவருக்கும் இதே கதிதான். இன்னொருவர் ஏதோ ஒரு கணக்கில் மூழ்கியிருந்ததால் அறிவிப்பே காதில் விழவில்லை என்று சிரித்தார்: "நல்லவேளை ஆன்ட்டி, எங்கம்மா திட்டுற மாதிரி நான் அரைச்செவிடு." அவருடைய ஊதாக்கள் அனைத்தும் விடைப்பதிவில் பத்திரமாக உள்ளன. ஐயா, காதில் வாங்காதவர் தப்பித்து, சொன்னதைக் கேட்டவர் இழக்கும்படி ஒரு தேர்வறை நடந்திருக்கிறது. இதைத் தாங்கள் ஒப்ப மாட்டீர்கள்.

4. நான் நேரில் போய் அந்தக் கண்காணிப்பாளரைச் சந்தித்தேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தேர்வு நடந்த கணினிக் கூடத்தின் ஊழியர். கூடத்தைப் பல தேர்வுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கு முந்தைய வாரம் அங்கே நடந்தது ஒரு வேலைவாய்ப்புத் தேர்வு. அதே திரை, அதே நிறங்கள். ஆனால் அந்தத் தேர்வின் விதிப்படி ஊதாவில் விட்ட விடை உண்மையாகவே செல்லாது. "அன்னைக்கு நெறைய பிள்ளைங்க ஊதால விட்டுட்டு அழுதாங்க டீச்சர். இந்தப் பிள்ளைங்களாவது தப்பிக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றார். தங்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இத யாருமே குடுக்கல. கூப்பிட்டா எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். வேலை போனா போகட்டும்" என்றார். அவருடைய வேலை போகக் கூடாது என்பது எங்கள் வேண்டுகோள். இரண்டு தேர்வுகள் ஒரே நிறத்துக்கு இரண்டு பொருள் வைத்திருக்க, நடுவே நின்றவரை மட்டும் தண்டிப்பது முறையாகாது.

5. உதவி எண்ணை அழைத்தோம். "விடைக் குறிப்பில தப்பு இருந்தா ஆட்சேபம் போடுங்க மேடம்" என்றார்கள். விடைக் குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது, அழிக்கச் சொன்னதுதான் தவறு என்றோம். "அதுக்கு ஆப்ஷன் இல்லையே" என்றார்கள். பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். "எங்க வண்டியில இப்படிச் சொல்ல முடியுமா? இந்த வியாதிக்கு ஆப்ஷன் இல்ல, இறங்குங்கன்னு?" என்று கேட்டார். அதற்குள் மறுமுனை துண்டிக்கப்பட்டிருந்தது.

6. ஏழு கேள்விதானே என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் நினைக்கலாம். இத்தேர்வில் தருவது மதிப்பெண் அல்ல, சதமான நிலை. அதாவது, நூறு பேர் வரிசையில் நின்றால் நமக்குப் பின்னால் எத்தனை பேர் என்ற கணக்கு. பேருந்து நிறுத்தத்தில் ஓரடி பின்வாங்கிப் பாருங்கள். வரிசையின் தலைப்பக்கம் ஆட்கள் விட்டு விட்டு நிற்பதால் ஒருவர் முந்துவார். நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதியில் அதே ஓரடிக்குப் பத்துப் பேர் முந்திவிடுவார்கள். அவள் நிற்பது அந்த நெருக்கத்தில்தான். சென்ற ஆண்டுத் தகுதி எல்லையை வைத்துக் கணக்கிட்டால், ஏழு விடைகளும் சேர்ந்தால் அடுத்த கட்டத் தேர்வுக்குத் தகுதி உண்டு. சேராவிட்டால் இல்லை.

7. எங்கள் பேச்சை நம்பி எதையும் செய்ய வேண்டாம். எந்த விடை எந்த நொடியில் பதிவானது, எந்த நொடியில் நீக்கப்பட்டது என்பதெல்லாம் தங்கள் கணினிப் பதிவில் இருக்கிறது. ஓர் அறையில் ஒரு தேர்வர் விடையை அழித்தால் மனம் மாறினார் எனலாம். அறையில் பலரும் ஒரே நிமிடத்தில் அழித்திருந்தால் அங்கே யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது:

அ) அந்த அறையின் கணினிப் பதிவை அழியாமல் உடனே பாதுகாக்க வேண்டும்.

ஆ) அறிவிப்புக்கு முந்தைய நொடியில் இருந்த விடைகளை, பாதிக்கப்பட்ட அனைவருக்கும், முடிவு வெளியாகும் முன்பே மதிப்பிட வேண்டும். இயலாது எனில் அந்த அறைக்கு மட்டும் மறுதேர்வு நடத்த வேண்டும். இவளுக்கு மட்டும் தனிச் சலுகை கேட்கவில்லை. அவளே அதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இ) இனி நடக்கும் தேர்வுகளில், நிறங்களின் பொருளை ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்து, அதைத் தவிர வேறு எதையும் அறிவிக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.

நான் ஓய்வுபெற்றவள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. எழுத்துப்பூர்வமான பதில் கைக்கு வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் அலுவலக வரவேற்பறையில் வந்து அமர்வேன். அந்த நாள்களில் வார விடுப்பை மாற்றிக்கொண்டு லென்ஸ் தேய்க்கும் அம்மாவும் வருவார். யாருக்கும் இடைஞ்சல் செய்ய மாட்டோம். எழுந்தும் போக மாட்டோம்.

முடிவெடுப்பதற்கு முன் தாங்கள் ஒன்று மட்டும் செய்து பார்க்க வேண்டும். தங்கள் இணையதளத்திலுள்ள மாதிரித் தேர்வைத் திறந்து, பதினொரு கணக்குகளுக்கு விடையளித்து ஊதாவில் வையுங்கள். ஐந்து நிமிடம் மீதமிருக்கையில், தங்களைவிட உயர்ந்த அலுவலர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, "எல்லாத்தையும் காலி பண்ணுங்க, சீக்கிரம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அப்போது தங்கள் கை எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பாருங்கள்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: பிப்ரவரி 11

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை

உடன் ஒப்பமிடுவோர்: தேர்வர், அவருடைய தாய், தந்தை.