சித்தி சர்க்கரை தின்றதாக நான் எழுதியது பற்றி

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், கிரில் பட்டறை சௌக்கியம், உன் சித்தியும் உடம்பளவில் சௌக்கியம்தான், என்னோடுதான் பேச்சில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனாலும் நீ ஃபோனில் “நல்லா இருக்கேன்” என்று இழுக்கும் இழுப்பில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். இப்போது முக்கியமான சங்கதி. போன மாதக் கடிதத்தில் உன் சித்தி எனக்குத் தெரியாமல் சர்க்கரை தின்கிறாள், அதனால்தான் அவள் கண்புரை ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது என்று எழுதியிருந்தேன், நீயும் நம்பி அவளை ஃபோனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாய். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

வேர்க்காய், கிழங்கு பற்றி நீ எழுதி அனுப்பினாயே, பீட்ரூட், கேரட், முள்ளங்கியில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, நார்ச்சத்து இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், சர்க்கரைவள்ளியைச் சுடாமல் தோலோடு வேகவைத்து அளவாகத் தின்ன வேண்டும் என்று, அதை நான் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டேன். பட்டறையில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, இரும்புக்குத் துருப் பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு அடிக்கிறோம் அல்லவா, உடம்புக்கு அதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விளக்கினேன், ஒரு பேராசிரியர் வந்திருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார். வெல்டர் மட்டும் “அப்ப அடுத்த கேட்டுக்கு பீட்ரூட்டையே தடவிரலாமாண்ணே” என்றான், அவனுக்கு என் மேல் வெகு நாளாகப் பொறாமை. அன்று முதல் நம் வீட்டில் காலையில் பீட்ரூட்தான். நான் நறுக்கினால் ஒவ்வொன்றும் செங்கல் அளவுக்கு வரும் என்று உன் சித்தியே நறுக்குவாள். கண் மங்கியவள், விரலால் தடவித் தடவி நறுக்குவாள். சரியாக ஆறரை மணிக்கு நான் கூப்பிடுவேன், அவள் நறுக்குப் பலகையை விட்டுவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், நான் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, சர்க்கரை மெஷினில் பார்த்து நோட்டில் எழுதுவேன். முன்பெல்லாம் நூற்று நாற்பது காட்டியது, பீட்ரூட் ஆரம்பித்த வாரமே இருநூற்று அறுபது, மறுவாரம் இருநூற்று எண்பது. இரண்டு வாரமும் ஆஸ்பத்திரி நர்சுக்கு ஃபோனில் சொன்னேன், இரண்டு முறையும் ஆபரேஷன் தேதி போயிற்று, டாக்டரைக் கேட்டு மாத்திரையும் கூட்டினார்கள்.

எனக்கு முதல் சந்தேகம் காய்கறிக்காரர் மேல். கடையை மாற்றினேன், கணக்கு இறங்கவில்லை. பிறகு மெஷின் மேல் சந்தேகம், என் விரலைக் குத்திப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு, இந்த வயதில் இந்தக் கணக்கு உள்ள ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தன்தான். ஆக மெஷின் யோக்கியம், மிச்சம் இருப்பது உன் சித்தி. சர்க்கரை டப்பாவுக்குள் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பேக்கரிக்காரரிடம் போய் விசாரித்தேன், அவர் “அக்கா வந்து ஆறு மாசமாச்சு, நீங்கதான் தெனமும் வந்து நிக்கிறீங்க” என்று சம்பந்தமில்லாமல் பேசினார். அவள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து சொல்லாமல் வந்து நின்றேன், அடுப்படியில் உன் சித்தி வாய் நிறையச் சர்க்கரையோடு, வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்க நிற்கிறாள். பிடித்துவிட்டேன் பார் என்று உனக்கு எழுதியது அதைத்தான். அவள் “என்னமோ பண்ணுச்சுங்க, கண்ண இருட்டுச்சு” என்றாள். திருடினால் நடுங்காதா என்று கேட்டேன். இதை எழுத எனக்கே கை வரவில்லை.

போன வாரம் நர்ஸ் நேரில் வரச் சொல்லி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்க ரத்தம் எடுத்தார், அது நன்றாகவே இருந்தது. என் நோட்டை நீட்டினேன், சிவப்பு மை, நீல மை என்று கோடு போட்ட நோட்டு, அந்த ஆஸ்பத்திரியில் அப்படியொரு நோட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நர்ஸ் நோட்டை மூடிவிட்டு, “குத்தறதுக்கு முன்னாடி அம்மா என்ன செஞ்சிட்டிருப்பாங்க” என்று கேட்டார். பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்றேன். உன் சித்தியின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகக்கண்ணெல்லாம் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிக் குத்தினார், நூற்றுப் பதினெட்டு. “இத்தன நாளா நீங்க பீட்ரூட்டோட சர்க்கரையத்தான் அளந்திருக்கீங்கய்யா, ஸ்பிரிட்ல தொடச்சா அது முழுசாப் போகாது” என்றார். அடுப்படி விஷயத்தையும் உன் சித்தி அப்போதுதான் நர்சிடம் சொன்னாள். கூட்டின மாத்திரை, குறைத்த சாப்பாடு, சர்க்கரை இறங்கிப்போய்விட்டது, அன்று அவள் வாயில் அதைப் போடாமல் இருந்தால் விழுந்திருப்பாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரையை உடனே பழைய அளவுக்குக் குறைத்தார்கள்.

நர்ஸ் சொன்னால் நம்பிவிடுகிற ஆளா நான். வீட்டுக்கு வந்து நானே ஒரு பீட்ரூட்டை நறுக்கி, பஞ்சால் துடைத்துக் குத்தினேன், இருநூற்று நாற்பத்தொன்று. சோப்புப் போட்டுக் கழுவிக் குத்தினேன், தொண்ணூற்றேழு. அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. பீட்ரூட் மேலும் தப்பில்லை, நீ எழுதினதிலும் தப்பில்லை.

ஆபரேஷனுக்கு வருகிற வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். உன் சித்தி வரமாட்டேன் என்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “என்னைத் திருடின்னு எழுதினீங்க, நான் வளத்த புள்ளயும் அத நம்பிருச்சு, இனி கண்ணு தெளிஞ்சு யாரு மூஞ்சியப் பாக்கணும்” என்றாள், அதோடு சரி. நேற்று தையல் மெஷினில், கண் சரியாகத் தெரியாமல் ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது மூன்று மாதமாம். நான் மன்னிப்புக் கேட்டேன், நாலு விதமாகக் கேட்டேன், மனசாரக் கேட்கிற மாதிரியே இல்லை என்று அவள் நினைக்கிறாள் போலிருக்கிறது, நான் எதைச் சொன்னாலும் கூட்டிச் சொல்கிறவன் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அதனால் புதன்கிழமை சாயங்காலம் கூப்பிடு. முதலில் அவளிடம் உன் பங்குக்கு மன்னிப்புக் கேள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திட்டு. அடுப்படிக் கதையைச் சொல்லியே திட்டு. மரியாதை பார்க்காதே, வாய்க்கு வந்ததைச் சொல், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, கண்ணும் பல்லும் கெடாமல், உன்னை நம்புகிற மனுஷர்களோடு இருக்க வேண்டும். புதன்கிழமையை மறந்துவிடாதே.

உன்னை வளர்த்த பெருமைக்காரன்,
உன் சித்தப்பா