நான் காட்டிய ஆறு விநாடி

அண்ணா,

இன்று காலை நித்யா பரணிலிருந்து உங்கள் போர்டை இறக்கினாள். தூசி தட்டும்போதே அந்தப் பெட்ரோல் வாசனை. இத்தனை வருடம் கிடந்தும் போகவில்லை. கறுப்புப் பலகை, அதில் செருகும் மஞ்சள் எண் தகடுகள். 6-க்கு மட்டும் ஓரம் உடைந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை நீங்கதானுங்கம்மா புடிக்கோணும்" என்றாள். நான் பெற்ற உங்கள் மருமகளுக்கு அதுதான் முதல் பைக் ரேஸ். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன்; அதற்குள் பால் பொங்கி வழிந்திருந்தது.

ஊரே உங்களைச் சாம்பியன் என்று கொண்டாடியபோது நான் ஒரு ரேஸைக்கூட நிம்மதியாகப் பார்த்ததில்லை. டிராக் ஓரச் சுவரை ஒட்டி ஸ்டாப்வாட்சும் போர்டுமாக நிற்பேன். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் என்னைத் தாண்டும்போது, பின்னால் வருகிறவன் எத்தனை விநாடி தள்ளி வருகிறான் என்று தூக்கிக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் முறுக்குவதா நிதானிப்பதா என்று முடிவு செய்வீர்கள். பிறகு கடைசி வளைவில் அந்தச் சிவப்பு ஹெல்மெட் மறுபடி தெரிகிற வரைக்கும் எனக்கு மூச்சே இருக்காது. அப்போதெல்லாம் வேண்டிக்கொண்டபடி மருதமலைக்கு நடந்திருந்தால் என் முழங்கால் என்றைக்கோ தேய்ந்திருக்கும்.

அந்த வருடத்தின் கடைசி ரேஸ். ஜெயித்தால் மூன்றாவது பட்டம். முந்தின ரேஸில் விழுந்து, காறை எலும்பில் பிளேட் வைத்திருந்தார்கள். மூன்று சுற்று பாக்கி இருந்தது. பின்னால் வந்தவன் அரை விநாடிதான் தள்ளி வந்தான். நீங்கள் வளைவில் சாய்ந்தபோது பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். என் கை 6-ஐ எடுத்துச் செருகிவிட்டது. ஆறு விநாடி இருக்கிறது, பதறாமல் வாருங்கள் என்று அர்த்தம்.

நீங்கள் நிதானித்தீர்கள். அவன் தாண்டினான். பட்டம் அவனுக்குப் போனது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தீர்கள். "வாட்ச தப்பாப் பாத்துப்போட்டேனுங்ணா" என்று அழுதேன். "உடு அம்மணி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றீர்கள். மெக்கானிக்குகள் வேறு ஆளை நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் நான்தான் பிடித்தேன். அந்த மூன்றாவது பட்டமும் வந்தது.

ரேஸை விட்டுப் பல வருடம் கழித்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, காரை ஓட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "வளைவுல ஆக்ஸிலேட்டர உட்டா, பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் காதுல உழுகாதா அம்மணி? ஒட்டிக்கிட்டுத்தான் வந்தான். நீ ஆறு காட்டுன. புள்ள இவ்வளவு பயந்துபோச்சேன்னு கையத் தளத்திட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் பாட்டுக்கு ஓட்டினீர்கள், நாற்பதுக்கு மேல் போகாமல். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அத்தனை வேகத்தில் போகாத உயிர், போன ஐப்பசியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே போய்விட்டது. அங்கே பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நித்யாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மதியம் முழுக்கத் தகடுகளைத் துடைத்து அடுக்கினேன். 6-ஐ எங்கேயாவது ஒளித்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையிலேயே ஆறு விநாடி என்றால் எதைக் காட்டுவது? அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட, அன்றைக்கு 6-ஐச் செருகிய இந்தக் கையை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது அண்ணா. நான் பொய் காட்டியபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது. இவளுக்கு இன்னும் அந்தக் காது வரவில்லை. "நீங்க காட்டுறத வெச்சுத்தானுங்கம்மா ஓட்டுவேன்" என்கிறாள்.

நான் எதைத் தூக்கிக் காட்டினாலும் நம்பிவிடுவாள்.