மிளகாய்த்தூள் மணக்கும் ஜீப்

அக்கா,

ரயிலில் வந்து இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவினேன். தேத்தண்ணி வைக்கலாம் என்று குசினிக்குள் போனால் அங்கேயும் மிளகாய்த்தூள் மணக்கிறது. நான் இன்று எதையும் வறுக்கவில்லை. உங்கள் ஜீப்பின் மணம்தான் ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஜீப் வரவில்லை. மத்தியானம் அதன் சாவியை வேறு ஆட்களின் கையில் கொடுத்துவிட்டேன்.

இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், ஜன்னலால் முற்றத்தை எட்டிப் பார்க்கிறேன். அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால், என்னடி குட்டி போட்ட பூனை மாதிரித் திரிகிறாய் என்று ஏசியிருப்பீர்கள். ஏசுங்கள் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன மாதிரித்தான் விற்றேனா என்று எனக்குத் தெரியவேண்டும்.

நாம் இருவரும் முதன்முதலில் சந்தித்ததே ஒரு வாகனத்தின் பின்பக்கத்தில்தான். செக் நாட்டிலிருந்து ஜேர்மனிக்குள் வந்த லொறி அது. சுருட்டி அடுக்கிய கம்பளங்களுக்கு நடுவில் எங்களைச் செருகியிருந்தார்கள். நீங்கள் மன்னார், நான் யாழ்ப்பாணம், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. மொஸ்கோவிலிருந்து வரும் வழியெல்லாம் எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சாமானைக் குறை, குறை என்று கத்தி, கடைசியில் மாற்றுடுப்பைக்கூட எறியவைத்தான். எல்லோரும் எறிந்தோம். நீங்கள் மட்டும் உங்கள் அம்மா இடித்துத் தந்த தூள்ச் சரையை, அந்தக் கடதாசிப் பொட்டலத்தை, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். களவாக எல்லை தாண்டுகிற பயணத்தில் மிளகாய்த்தூளைக் காவிக்கொண்டு வர எங்கள் சனத்தால் மட்டும்தான் முடியும்.

எல்லையில் லொறி நின்றது. சரை கிழிந்ததும் அப்போதுதான். வெளியே சப்பாத்துச் சத்தம். யாரோ சாரதியிடம் ஏதோ கேட்டார்கள். எனக்கு அப்போது ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் கேள்வி விளங்கியது. பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா? சாரதி "நைன்" என்றான். இல்லை என்பது அந்தப் பாஷையில் நான் படித்த முதல் சொல். மூக்குக்குள் நெருப்பு. தும்மல் தொண்டைவரை வந்துவிட்டது. இருட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு கை வந்து என் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியது. எல்லையில் பிடிபட்டுச் சாகமாட்டேன், இந்தக் கையால்தான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

லொறி வெளிக்கிட்டு வெகுநேரத்துக்குப் பிறகே கையை எடுத்தீர்கள். நான் விக்கி விக்கி அழுதேன்.

"அழாதை பிள்ளை. தூள் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றீர்கள்.

அப்படித்தான் நீங்கள் எனக்கு அக்கா ஆனீர்கள். பிறகு அகதிகள் விடுதியில் ஒரே அறை, ஒரே அடுப்பு. வழக்கு, விசா, வேலை என்று ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போனேன். நீங்கள் வாகனம் ஓட்டப் படித்து, ஆசுபத்திரிகளுக்கு வெளுத்த துணி கொண்டுபோகும் வான் வண்டியில் ஏறினீர்கள். எனக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போனார்கள், அவரும் போய்ச் சேர்ந்தார். நீங்கள் எதற்கும் அசையாமல் அந்த வானையே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். பென்சன் எடுத்த கையோடு, நாலு சில்லும் இழுக்கிற ஒரு பழைய ஜப்பான் ஜீப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினீர்கள். உங்களுக்கு மூளை பிசகிவிட்டது என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

"படுத்துக்கிடந்து வந்த வழியாலை நிமிர்ந்து இருந்துகொண்டு போகவேணும், பிள்ளை. ஒவ்வொரு எல்லையிலும் அவங்கள் மறிக்கவேணும். நான் பாஸ்போட்டை நீட்டவேணும்."

இதுதான் உங்கள் விளக்கம். அதற்குப் பிறகு உங்களோடு யார் கதைக்க முடியும்?

இரண்டு கோடைக்காலம் முற்றம் முழுக்க மரத்தூள். பலகை அறுத்துப் பின்பக்கத்தில் கட்டில் அடித்தீர்கள். அதற்குக் கீழே இழுப்பறைகள், ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டாவது பற்றரி. கூரையில் சாமான் தட்டு. ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் இருக்கக் கண்ணாடி ஓரமாக மேலே ஏறிப்போகும் ஒரு குழாய். அந்தக் குழாயைப் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர், இந்த அம்மா எந்தச் சண்டைக்குப் போகிறார் என்று என்னிடம் கேட்டார். ஓர் இழுப்பறை முழுக்கத் தூள்ப் போத்தல்கள். முதல் குலுக்கலிலேயே ஒன்று உடைந்து பலகைக்குள் ஊறிவிட்டது. கட்டிலுக்கு மேலே ஒரு திசைகாட்டி. பார்ப்பவர்கள் அது வழி பார்க்க என்று நினைப்பார்கள். வடக்கே தலை வைத்துப் படுத்துவிடக் கூடாது என்பதற்காக நீங்கள் அதைப் பூட்டியது எனக்குத்தான் தெரியும். கருங்காட்டில் கூடாரம் போடும் இடத்துக்காரன் காட்டிய பக்கம் ஜீப்பை நிறுத்தமாட்டேன் என்று நீங்கள் பிடித்த சண்டை இருக்கிறதே, அவனுக்குக் கடைசிவரை காரணம் விளங்கவில்லை.

ஒத்திகை என்று சொல்லி முதலில் செக் எல்லைக்குப் போனோம். நீங்கள் நல்ல சேலை கட்டி, பாஸ்போட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள். நான் எப்போதும்போலப் பக்கத்து இருக்கை. ஓடினோம், ஓடினோம், எல்லையைக் காணவில்லை. பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் பெயர்ப்பலகை வாசிக்க முடியாமல் இருந்தபோதுதான் செக் நாட்டுக்குள் நிற்கிறோம் என்று தெரிந்தது. பழைய காவல்கூடங்கள் கண்ணாடி உடைந்து கிடந்ததைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். உங்கள் முகம் கறுத்துப்போனது. திருப்பிக்கொண்டு வந்தீர்கள். யாரும் மறிக்கவில்லை. மறுபடி போய் மறுபடி வந்தீர்கள்.

"கேக்க ஒருத்தனும் இல்லையே, பிள்ளை" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மற்ற நாடுகளில் மறிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டீர்கள். வெளிக்கிட எல்லாம் ஆயத்தமான நேரம் உக்ரைனில் போர். நாங்கள் வந்த வழியே அடைபட்டது. எங்கள் சண்டை முடிய அங்கே தொடங்கிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டினீர்கள். முடியட்டும் என்று காத்திருந்தீர்கள். அதற்குள் உங்கள் உடம்புக்கு வருத்தம் வந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ஜேர்மன் எல்லைகளில் திரும்பவும் வாகனங்களை மறிக்கிறார்கள் என்று செய்தி சொன்னார்கள். எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டிருக்க நீங்கள் ஒருவர்தான் சந்தோஷப்பட்டீர்கள். எழும்பிப் போக மட்டும் ஏலவில்லை.

கடைசியாகத் தெளிவாகக் கதைத்த நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

"ஜீப்பை வித்துப்போடு. ஆனா நிக்கிற ஆளுக்குக் குடுக்காதை. போற ஆளுக்குக் குடு."

சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். விளம்பரம் போட்டு ஆள் தேடிய பாடு என்னுடையது. போடுவேன், பயம் வந்து எடுத்துவிடுவேன், அடுத்த நாள் திரும்பப் போடுவேன். வணக்கம்கூடச் சொல்லாமல் கடைசி விலை என்ன என்று மட்டும் கேட்டு எழுதியவர்களுக்கு நான் பதிலே போடவில்லை. ஒரு வேட்டைக்காரர் வந்து, கட்டிலைப் பிடுங்கிவிட்டால் காட்டுப்பன்றி ஏற்ற நல்ல இடம் என்றார். நான் கதவைச் சாத்தினேன். மியூனிக்கிலிருந்து ஒரு இந்தியத் தம்பி வந்தார், கணினி வேலை, நல்ல மரியாதையான பிள்ளை. குழந்தைகளோடு வார இறுதியில் ஏரிக்குப் போக வேண்டுமாம். "இந்த ஸ்மெல்தான் ஆன்ட்டி, டீப் க்ளீனிங் பண்ணா போயிடும்" என்றார். ஏரிக்குப் போவதும் போவதுதானே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்த மணத்தைக் கழுவப்போகிறார் என்றதும் எனக்கு வாய் முந்திவிட்டது. வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஒரு ஜேர்மன் தம்பதி, என் வயது இருக்கும். வாடகை வீட்டையே விட்டுவிட்டு வெளிக்கிடப் போகிறார்களாம். எங்கே என்று கேட்டேன். ஜோர்ஜியாவரை, அதற்குப் பிறகு வழி விடுகிற திசையில் என்றார் அந்தப் பெண். கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்தவர், முகத்துக்கு நேரே எதற்குத் திசைகாட்டி என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார். தலை வடக்கே இருந்தது. எழும்பி, தலைமாட்டைக் கால்மாடாக்கிப் படுத்தார். எனக்கு அது போதும். அவர்கள் ஊர் செக் எல்லைக்குப் பக்கத்தில் என்றார்கள். வந்து எடுக்கத் தேவையில்லை, நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். அவர்களைவிட நான்தான் திகைத்தேன். லைசென்ஸ் இருந்தும், அந்த ஜீப்பை நான் அதற்கு முன் முற்றத்துக்குள்தான் முன்னும் பின்னும் எடுத்திருக்கிறேன்.

சாவியைக் கொடுத்த கதை அவ்வளவுதான். கைகுலுக்கினோம், அந்தப் பெண் தூள்ப் போத்தல்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், வைத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

இன்று காலை ஓட்டிக்கொண்டு போனேன். கிளச் மிதித்து மிதித்து முழங்கால் கழன்றுவிட்டது. அவர்கள் ஊருக்குத் திரும்பும் வழி வந்தது. நான் திரும்பவில்லை. அக்கா, என்னால் திரும்ப முடியவில்லை. நேரே போய் எல்லையைத் தாண்டி, நாங்கள் பெற்றோல் அடித்த அதே இடத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன். ஜேர்மன் பக்கம் வாகனங்கள் வரிசையில் ஊர்ந்தன. பொலிஸ். கையில் ஜேர்மன் பாஸ்போட் இருக்கிறது, பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

பொலிஸ்காரன் கையைக் காட்டி மறித்தான். கண்ணாடியை இறக்கினேன். நிமிர்ந்து இருந்துகொண்டு பாஸ்போட்டை நீட்டினேன். உங்களுக்காகத்தான் நீட்டினேன். அவன் புரட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஜீப்பின் நீளத்தைப் பார்த்தான்.

"பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா?"

அதே கேள்வி. எனக்கு இப்போது அந்தப் பாஷையில் சண்டை பிடிக்கவும் தெரியும், பதில்தான் வரவில்லை. அவன் இரண்டாம் தடவை கேட்டான். "நைன்" என்றேன். அன்று அந்தச் சாரதி சொன்னது பொய். நான் சொன்னது உண்மை. சொல்லி முடிக்கக் கண் நிறைந்துவிட்டது.

நான் தடுமாறியதில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பின்கதவைத் திறக்கச் சொன்னான். இறங்கித் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து இழுப்பறையை இழுத்தான். இழுத்தவன் தும்மினான். தொப்பி நழுவி விழத் திரும்பவும் தும்மினான். எனக்கும் மூக்குக்குள் அந்த நெருப்பு ஏறியது. என்னை அறியாமலே என் கை எழும்பி வந்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டது, உங்கள் கை பொத்திய மாதிரியே, மூச்சு முட்ட. அவன் போகலாம் என்று கைகாட்டி, பாஸ்போட்டைத் தந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாகனத்துக்குப் போகும்வரை நான் கையை எடுக்கவில்லை.

நான் தும்மவில்லை, அக்கா.