சிவப்பு டேப் சுற்றிய நீலக் கம்பு

ஜூன் 8, ஞாயிறு

பதினாறு பிளவுசுக்கு ஹூக் வைத்து முடித்தேன். நாளை லேகா அக்காவின் தையல் கடையில் கொடுக்க வேண்டும்.

சாப்பிட்டு எழுந்த அண்ணன், சுவரில் மாட்டியிருந்த தூண்டில் கம்பை எடுத்தான். வேலை செய்யும் மொபைல் கடையில் கண்ணாடி மேசை உடைந்து வலது மணிக்கட்டை அறுத்த பிறகு, ஆறு மாதமாக அவன் அதைத் தொடவில்லை. நரம்பைத் தைத்த டாக்டர், உணர்வு மெல்ல மெல்லத்தான் திரும்பும் என்று சொல்லியிருந்தார்.

“கொளம் நெறஞ்சு கெடக்கு. வராலு மீனு கடிக்கது கையில தெரியுதான்னு பாத்துட்டு வாறேன்” என்றான். அம்மா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அது அவனுடைய கம்பு இல்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் காற்றில் பறந்த பட்டு பிளவுஸ் ஒன்று பலா மரத்தில் சிக்கியது. லேகா அக்காவின் கடையிலிருந்து வந்தது. பயத்தில் அண்ணனின் கம்பை எடுத்து எட்டி இழுத்தேன். நுனி ஒரு சாண் நீளத்துக்கு முறிந்துவிட்டது. மறுவாரம் பாறசாலையில் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர், என்ன மீன், என்ன இரை என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பையன்கள். எனக்கு வாய் எழவில்லை. “நீலம்” என்று மட்டும் சொல்லிக் கையைக் காட்டினேன். அதே நீலம், அதே நீளம். மேலே அச்சடித்திருந்த எழுத்துதான் வேறு. அண்ணன் பிடிக்கு மேலே சுற்றியிருந்த சிவப்பு டேப்பை உரித்து, எழுத்து தெரியாதபடி கொஞ்சம் அகலமாக இதில் சுற்றினேன். நூல் சுற்றும் ரீலையும் கழற்றி இதில் மாட்டினேன். முறிந்தது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

சாயங்காலம் வந்தான். “ஒண்ணும் தெரியல்ல” என்றான்.

ஜூன் 10

இன்றும் போனான். இன்றும் ஒன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

குடை பிடிக்க நானும் போனேன். செங்கல் ஊர்ப் பக்கத்துக் குளம். இரைக்கு விரல் நீளத்தில் ரப்பர் மீன். தண்ணீரில் வாலை ஆட்டிக்கொண்டு வரும். முன்பெல்லாம் நடுக்குளத்து ஆம்பல் வரைக்கும் எறிவான். இன்று கரையிலிருந்து நாலு ஆள் நீளம் தாண்டவில்லை.

“எலே அபிலாஷே, கரையில கெடக்க தவளைக்கு சோறு போடுதியா?” என்று அவன் கூட்டுக்காரன் ஸ்ரீஜித் கேலி செய்தான். அண்ணனும் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “கடிச்சுட்டுப் போவுதுலே! நூலு ஆடிச்சே, பாக்கல்லியா?” என்றான் ஸ்ரீஜித்.

“எப்போ?”

அப்போது அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

வரும் வழியில் சொன்னான்: “இரும்புக் கம்பிபோல கனக்குது பிள்ளே. கம்பு அதுதான். கையாக்கும் போச்சு.”

நான் குடையை அவன் பக்கம் இன்னும் சாய்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஜூன் 14

அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். புதுக் கம்பில் 15–40 கிராம் என்று இருக்கிறது. முறிந்ததில் 3–10. அம்மாவின் போனில் வீடியோ தேடினேன். எறியும் இரையின் எடையாம் அது. கொக்கியும் ஈயமும் சேர்த்தாலும் இந்த ரப்பர் மீன் ஆறு ஏழு கிராம்தான் வரும். பெரிய இரைக்குச் செய்த முரட்டுக் கம்பு இதற்கெல்லாம் வளைந்தே கொடுக்காது. தூரம் போகாது. மீன் லேசாகத் தொட்டால் கைக்கு வந்து சேராது.

அப்படியென்றால் அவன் கை செத்துப்போகவில்லை. இருக்கலாம், இல்லையா? ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய நல்ல சேதி. டேப்பைத் திரும்பச் சுற்றி வைத்தேன். என்ன பிறவி நான்?

ஜூன் 16, திங்கள்

நெய்யாற்றின்கரையிலிருந்து மொபைல் கடை முதலாளி ஷாஜி அண்ணன் அழைத்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“கை எப்படி உண்டு மக்கா? இனியும் நாள் ஆவும்னா நான் வேற ஆளு நோக்கணும். ஒண்ணும் நெனைக்காத.”

“நோக்கிக்கிடுங்க அண்ணே. ஒரு சின்ன ஸ்குரூகூட பிடிக்க முடியாத கையாக்கும். இனி சரியாவாது.”

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷம். திறக்கவில்லையே... ஏன் திறக்கல்ல நான்? எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை விட்டேன். என் வாய் மூடிக் கிடந்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 17

சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

முறிந்த கம்பைப் பழைய சேலையில் சுற்றினேன். ரப்பர் மீனைக் காகிதத்தில் பொதிந்தேன். நெய்யாற்றின்கரையில் ஜோஸ்னா சேச்சி என்று ஒருத்தர் தூண்டில் கடை வைத்திருக்கிறார். உள்ளே போகாமல் வாசலில் நின்றேன்.

“அவிடெ எதுக்கு மழை நனையிற? கேறி வா கொச்சே” என்றார்.

பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். “வராலு பிடிக்க. இந்த மீனு எறியணும். சின்னதா கடிச்சாலும் கையில தெரியணும்.”

மூன்று எடுத்து வைத்தார். முதலாவது நான் வாங்கியது மாதிரியே தடி. “இது பெரிய ரப்பர் தவளை எறிய உள்ளதாக்கும்.” இரண்டாவது அடி வரைக்கும் ஈர்க்குச்சிபோல வளைந்தது. “நல்ல சுகமா எறியலாம். ஆனா வராலு வாயில கொக்கி ஏறாது.” மூன்றாவதில் நுனி இளக்கம், பாதிக்குக் கீழே விறைப்பு. என் ரப்பர் மீனை அதில் கட்டித் தொங்கவிட்டார். நுனி மட்டும் கொஞ்சம் தலை குனிந்தது.

“கண்ணை மூடு.” நகத்தால் மீனைச் சுண்டினார் போல. என் உள்ளங்கையில் டிக்கென்று ஒன்று. “கையில வந்நோ?”

“வந்துது சேச்சி.” அழுகை வந்துவிட்டது.

அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முறிந்தது, பாறசாலையில் வாங்கியது, இது, மூன்றையும் அண்ணன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பலா மரம், டேப், டிரம், எல்லாம். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான்.

“ஷாஜி அண்ணன் விளிச்சப்போ நீ பக்கத்துலதானே இருந்த?”

“ஆமா.”

“அப்பமும் சொல்லணும்னு தோணல்லியா?”

எழுந்து போய்விட்டான். மழையில், குடை இல்லாமல்.

ஜூன் 21

என்னோடு பேசவில்லை. சோறுகூட அம்மா போட்டால்தான் உண்கிறான். புதுக் கம்பு உறை பிரிக்காமல் கிடக்கிறது.

ஜூன் 25

உறை பிரிந்திருக்கிறது. ரீல் மாட்டியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

முற்றத்திலிருந்து சத்தம்: “எட்டீ, இங்க வா.”

பதினொரு நாளில் முதல் வார்த்தை. ரப்பர் மீனை என் கையில் கொடுத்து, பலா மரம் வரைக்கும் நடக்கச் சொன்னான். நூலை இறுக்கிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“இழு. எத்தனன்னு நான் சொல்லுதேன்.”

இரண்டு விரலால், மீன் தொடுவதுபோல மூன்று தடவை இழுத்தேன்.

வலது கைப் பிடியை இறுக்கினான். பிறகு, “ரெண்டு” என்றான்.

வாசலில் நின்ற அம்மா, ஆமா சொல்லு, ஆமா சொல்லு என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

“மூணு” என்றேன். எனக்கே சத்தமாகக் கேட்டது.

“மூணா? அப்போ ஒண்ணு எங்க போச்சு?” திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தோள் சிரித்தது. “இன்னொருக்கா இழு. கள்ளம் சொல்லாம இருந்தா போதும்.”

தூறல் வரும்வரை இழுத்தேன். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னான்.

மத்தியானம் அவன் போன் பேசுவது கேட்டது. “ஆளு கெடைச்சாச்சா அண்ணே?... இல்லியா? அப்போ இன்னும் ஒரு மாசம் பொறுப்பியளா?”

பிறகு என்னிடம் சிவப்பு டேப் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். புதுக் கம்பின் பிடிக்கு மேலே வலது கையாலேயே சுற்றினான். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை ஒட்டியது. எழுத்து தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டான்.