இருக்கேன் என்று இனிமேல் சொல்லாதே

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும், நான் எழுதப்போவதில்லை, நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், என்னிடமே அதை மறைக்கிறாய் என்ற ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஒரு மாதமாகப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா என்றால் "இருக்கேம்மா" என்கிறாய். காய்ச்சல் விட்டதா என்றால் "இருக்கேன்". தீபாவளிக்கு லீவு உண்டா என்றால் அதற்கும் "இருக்கேம்மா, வச்சிரட்டுமா". ஏன் தாயி, அந்த வார்த்தையை நாம் எப்போது சொல்வோம் என்று விஸ்வநத்தத்தில் பிறந்த உனக்கா சொல்லித்தர வேண்டும்? எங்கேயாவது பட்டாசுக் கம்பெனியில் வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் வாசல் கேட்டுக்கு ஓடி, வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்த போனை வாங்கி, வீட்டுக்கு அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வைப்போம், அடுத்தவர்களுக்கு லைன் கிடைக்க வேண்டுமே என்று. உயிர் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் அப்புறம் என்று அதற்கு அர்த்தம். அங்கே புனேயில் உனக்கு என்ன வெடித்தது, சொல்.

உன் அப்பாவிடம் சொன்னால் "பெரிய கம்பெனி, அம்புட்டு வேல இருக்கும், புள்ளைய நச்சரிக்காத" என்கிறார். அவர் பேசலாமா? நீ பத்தாவது படிக்கும்போது அவர் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த ரூமுக்கு அடுத்த ரூம் வெடித்து நாலு பேர் போனார்கள். அதன் பிறகு ஆறு மாதம், குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட "இருக்கேன்" என்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா, இந்த மனுசன் காது அவிஞ்சு போச்சு என்று பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் சொல்லிச் சிரித்தேன். ஒரு மத்தியானம் ஆனைக்குட்டம் அணையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை ஆடு மேய்க்கும் செல்லச்சாமி அண்ணன்தான் இழுத்து வந்தார். கால் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம், அது பொய். அன்றைக்குச் சிரித்த வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது, இன்னொரு தடவை நான் சிரிக்க மாட்டேன். உன் ரூமில் இருக்கும் ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டேன். "அவ எங்கிட்டப் பேசியே பத்து நாளாச்சு ஆன்ட்டி, லைட்டக்கூட போடுறதில்ல" என்றாள். ஊரான் வீட்டுப் பெண் சொல்லித் தெரிந்துகொள்ளவா உன்னைப் பெற்றேன்?

தபாலில் போடத்தான் எழுதினேன். இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் "நானே கொண்டு போறேன்" என்று எழுந்து போய்ச் சட்டையைத் துவைத்துப் போட்டார். சீசன் நேரத்தில் லீவா என்று போர்மேன் கத்தியதற்கு, இவரும் கத்திவிட்டு வந்திருக்கிறார்.

சாத்தூர்ச் சேவு கொடுத்து விட்டிருக்கிறேன், நமுத்துப்போவதற்குள் சாப்பிடு. உன்னோடு வேலை பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே, வேலை போனாலும் போகட்டும், அப்பாவோடு வண்டி ஏறு. நம் பத்திரகாளியம்மன் உன் தலைமாட்டிலேயே நிற்பாள்.

மறக்காமல் ஒன்று செய். இதை நீ படிக்கும்போது அப்பா உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதே, முடியவில்லை என்று சொல், அவருக்குப் புரியும்.

உன்னைத் திட்டிக்கொண்டே வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா சின்னத்தாய்