உதடு கிழிந்த பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம், நலம் என்ற வார்த்தையை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று நீயே கேட்டுக்கொள். முந்தாநாளிலிருந்து நீ விடாமல் போன் அடிக்கிறாய், நான்தான் எடுக்கவில்லை, அப்பாவையும் எடுக்க விடவில்லை. உன் மனைவி எங்கே என்றுதானே கேட்கப்போகிறாய். அவள் எங்கே இருக்கிறாள், ஏன் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன். பத்திரமாக இருக்கிறாள் என்று மட்டும் உன் தங்கை உனக்கு மெசேஜ் போட்டுவிட்டாள், மீதிக்குத் தபால் வரும்வரை துடி. போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் உன்னைவிடச் சத்தமாகக் கத்துவேன், கடைசியில் சத்தம்தான் மிஞ்சும். காகிதத்தோடு மல்லுக்கட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் படி.

முதலில் உன் தங்கையின் உதட்டைப் பற்றி. உனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். அன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கூட வேலை பார்க்கும் டீச்சர் போனில் ஏதோ சொல்ல இவள் சிரித்திருக்கிறாள். நம் வெண்ணெய் மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து "யாரைப் பாத்து இளிக்கிற" என்று கேட்டானாம். பெண் கேட்டு வந்த அன்று அவன் வழுக்கி வழுக்கிப் பேசியதைப் பார்த்து நீதான் அந்தப் பெயரை வைத்தாய், நாங்களும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே பெண்ணையும் கொடுத்தோம். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மூடின முஷ்டியால் வாயிலேயே குத்திவிட்டான். அவன் முஷ்டிக்கும் அவள் கோரைப்பல்லுக்கும் நடுவில் அகப்பட்டு இடது பக்க மேலுதடு உள்ளிருந்து வெளிவரைக்கும் பிளந்துபோனது. விழுந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி இன்னொரு குத்தும் விட்டிருக்கிறான். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நடந்தே வந்தாள், நான் கதவைத் திறந்தபோது அந்தத் துண்டு என்ன நிறத்துத் துண்டு என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ விபத்து என்று ஒரே கூட்டம், அங்கிருந்த சின்ன டாக்டர் நாலு தையலை இழுத்துப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் செய்தது இருக்கிறதே, அதை வேறு எந்த வீட்டிலும் செய்திருக்க மாட்டார்கள். அப்பா இத்தனை வருஷமும் ஐஸ் கம்பெனியில் உழைத்தவர், நம் வீட்டில் காய்ச்சலா ஐஸ், சுளுக்கா ஐஸ், பல்வலியா ஐஸ், நீ வளர்ந்ததே அப்படித்தானே. கம்பெனியிலிருந்து பாளமாக உடைத்துக்கொண்டு வந்து, துணிகூடச் சுற்றாமல், தையல் போட்ட உதட்டின்மேல் அப்படியே வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முனகலை நிறுத்தியதும் வலி குறைந்துவிட்டது என்று நினைத்தோம், மரத்துப்போயிருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு நாளில் தோல் வெளுத்து, கொப்பளித்து, ஓரம் கறுத்து உரிந்தது. அப்பா அந்த உதட்டைப் பார்த்துவிட்டுத் தன் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். பாவி மனுஷன், கொல்லவா நினைத்தார், பிள்ளை வலி தாங்கமாட்டாள் என்றுதான் பிடித்தார்.

எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. அவளுடைய துணிமணியை எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன், அலமாரியைக் காலி பண்ணிவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த குக்கரையும் எடுத்துக்கொண்டு திரும்பினால் வெண்ணெய் வாசலை மறித்து நிற்கிறது. "உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, அதான் வாயில பட்டுச்சு" என்றான். குக்கரைச் சுழற்றி அந்த மூஞ்சியில் விட்டேன். பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது, ரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எருமை மாதிரி கத்தினான். பொய் சொல்லவில்லை, எனக்கு மனசு குளிர்ந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன், இன்னும் ஒரு தடவை சுழற்றியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை. அதற்கு என்மேல் ஒரு கேஸ் இருக்கிறது, அடித்தேன் என்று ஒத்துக்கொண்டேன். நீ அன்று போனில் "அவன் கையை வெட்டி அனுப்புறேம்மா" என்று கத்தினாய் அல்லவா, அதைத் தெருமுழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ரணம் ஆறியதும் வாய் கோணிப்போயிற்று. வடு சுருங்கி உதட்டை மேலே இழுத்துக்கொண்டது, சும்மா இருந்தாலே இடது பக்கம் பல் தெரிந்தது. அவள் சொல்லிக்கொடுப்பது காது கேட்காத பிள்ளைகளுக்கு, அதுகள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் பாடம் படிக்கும், இவள் உதட்டைச் சேர்த்தால் ஒரு பக்கம் சேரும் ஒரு பக்கம் சேராது, பிள்ளைகள் முழித்தன. தலைமை ஆசிரியை அவளை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துவிட்டார். அவள் அதற்குத்தான் அழுதாள், அடி வாங்கின அன்றுகூட அப்படி அழவில்லை. பிறகுதான் முகத்துக்கென்று இருக்கிற டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். முதலில் அப்பாவைத்தான் வெளுத்து வாங்கினார், ஐஸைத் துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, விட்டு விட்டு வைக்கவேண்டுமாம். அப்புறம் ஆற அமரச் சொன்னார், "எந்த மூஞ்சியும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதும்மா, எனக்கும்தான் இல்ல, பொறந்ததுலேந்து கோணலா இருக்கறவங்க சந்தோஷமா இருக்காங்க, அதுக்கு கத்தி வேண்டாம். பல்வரிசையால கோணும், நரம்பு சோர்ந்தா கோணும். திடீர்னு ஒரு பக்கம் தொங்கிட்டா மட்டும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இவளோடது வடு இழுக்கிற கோணல், இதை சரி பண்ணலாம்" என்று. அவள் பார்லரில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள், மெலிந்த பக்கம் தடிக்குமாம். அதட்டிவிட்டார். உதட்டின் சிவப்பும் முகத்துத் தோலும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கிறதே, தையல் போடும்போது அது ஒரு மயிரிழை ஏறி இறங்கினாலும் எதிரில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியுமாம், முதலில் கோடு, பருமன் எல்லாம் பிற்பாடு என்றார். வடு இளகட்டும் என்று மாதக்கணக்கில் விரலால் நீவிவிடச் சொன்னார். பிறகு ஒரு நாள் மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னாலேயே மையால் கோட்டின் இரண்டு முனையிலும் புள்ளி வைத்துக்கொண்டார், ஊசி போட்டால் உதடு வீங்கிக் கோடு மறைந்துவிடுமாம், பழைய வடுவை அறுத்துத் திறந்து புள்ளியையும் புள்ளியையும் சேர்த்து முதல் தையலைப் போட்டார். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. போன வாரம் வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

நடுவில் உன் தங்கை போட்ட கேஸ் வந்தது. வெண்ணெயின் வக்கீல் எழுந்து, உதடு கெட்டது அப்பா வைத்த ஐஸால்தான், அடியே விழவில்லை என்றார். கூடவே அவனைப் பெற்ற நம் சம்பந்தியம்மா கூண்டில் ஏறி, "நான் கண்ணால பாத்தேன், படியில விழுந்தா" என்று சத்தியம் பண்ணினாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது. முகத்து டாக்டர்தான் அதைத் தோண்டி எடுத்தார். ஐஸ் தோலைத்தான் சுடும், உதட்டை உள்ளேயிருந்து பிளக்காது. படியில் விழுந்தவள் கையை ஊன்றியிருப்பாள், உள்ளங்கை தேய்ந்திருக்கும், மோவாயும் மூக்கும் உரசியிருக்கும். முதல் நாள் ஆஸ்பத்திரிச் சீட்டில் இவளுக்கு உரசலே இல்லை, உள்காயம் கோரைப்பல்லுக்கு அளவெடுத்தமாதிரி பொருந்துகிறது, வலதுகைக்காரன் எதிரே நின்று குத்தினால் இடது பக்கம்தான் கிழியும் என்றார். குத்தினவனுக்கும் முஷ்டி மூட்டில் பல் பதியும், அது உள்ளே சீழ் வைக்கும் என்றும் சொன்னார், வெண்ணெய் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான், அவனுக்கு ஒரு விரல் இன்னும் மடங்குவதில்லை. வெளியே வராந்தாவில் நான் சம்பந்தியம்மாவின் கழுத்துப் பக்கம் புடவையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன், உன் நாக்கு அழுகட்டும், நீயும் ஒரு பெண்ணா என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். பெண் போலீஸ்தான் பிரித்துவிட்டாள். அந்தம்மா அழவில்லை, புடவையைச் சரி பண்ணிக்கொண்டே, "உன் மகனா இருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டாள். என் மகன் பெண்பிள்ளைமேல் கை வைக்கமாட்டான் என்று அந்த வராந்தாவே கேட்கிறமாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் உன் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். முகத்தில் பாதியைக் காட்டாமல் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அத்தை, ஐஸ் வெச்சா துணி சுத்திதானே வெக்கணும், எவ்ளோ நேரம் வெக்கலாம், பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க" என்றாள். போனை நேராகப் பிடி என்றேன். பிடித்தாள். இடது பக்க மேலுதடு. "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு அத்தை" என்றாள். அதற்குள் நீ பின்னாலிருந்து வந்து சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கினாய், உன் வலதுகை மூட்டில் கட்டு. கேட்டதற்கு, "கார் கதவுல மாட்டிக்கிச்சும்மா, சாப்ட்டியா நீ" என்றாய். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு கதவா? அந்த இடத்தை நான் ஒரு வருஷமாக இன்னொரு முகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்னிடமா கதவு விடுகிறாய்? மறுநாள் நீ வேலைக்குப் போனபிறகு நானே வீடியோவில் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு எல்லாம் சொன்னாள், இது முதல் தடவை இல்லை, தண்ணீர் பாட்டிலை வீசியது, கதவைச் சாத்திவைத்து உதைத்தது, கழுத்தைப் பிடித்து அழுத்தியது. காலரை இறக்கிக் காட்டினாள், உன் கட்டைவிரல் தடம், குழந்தையில் நீ தூங்கும்போது நான் பிடித்துக்கொண்டிருந்த கட்டைவிரல். நான் போனை வைத்துவிட்டு வாந்தி எடுத்தேன். அப்பா கோபக்காரர்தான், தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார், ஆனால் என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, நீ இதை எங்கேடா கற்றுக்கொண்டாய்?

அவள் இங்கேதான் இருக்கிறாள். உன் தங்கைதான் டிக்கெட் போட்டாள், நீ வேலையில் இருந்தபோது ஒரு கைப்பையோடு கிளம்பி வந்தாள், இப்போது நீ படித்த அறையில் தூங்குகிறாள். டாக்டரிடம் காட்டியாயிற்று, உள்பக்கம்தான் கிழிந்திருக்கிறது, கோடு தப்பித்தது, வாய் கோணாது என்றார். அவள் முகத்தைப் பார்த்தவுடன் அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார், என் மகன் என்று நான் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். பிறகு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, நீ மட்டும் எப்படிடி இப்படி இருக்க" என்று கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? உன்னைப் பிடித்து அறைந்து, பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழவேண்டும்போல்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பந்தியம்மா கேட்ட கேள்வி இப்போது என் வாசலுக்கே வந்துவிட்டது. உன் மனைவி நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறாள், நானும் கூடப் போகிறேன். கேட்டால், கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன், அது என் மகன் கை என்று சொல்லப்போகிறேன். அவள் உன்னோடு திரும்பி வாழ்வதா இல்லையா என்பதை அவளே முடிவு பண்ணட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், உனக்காகக் கெஞ்சவும் மாட்டேன். ஆள் விட்டு மிரட்டுவது, அவள் அம்மா வீட்டுக்குப் போன் அடிப்பது, இதெல்லாம் வைத்துக்கொள்ளாதே. நீ வந்தால் வாசற்படியில் நின்று என்னிடம்தான் பேசவேண்டும், அவள் கூப்பிட்டால் தவிர உள்ளே விடமாட்டேன்.

என் மருமகளுக்கு என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. உனக்கும் உண்டு, பெற்றுத் தொலைத்தேனே, அதைக் கொண்டுபோய் வேறு எங்கே கொட்ட, ஆனால் இந்தக் கடிதத்தோடு அதை அனுப்பவில்லை. வேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் வண்டி ஓட்டாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கையை டாக்டரிடம் காட்டு, பல் பட்ட காயத்துக்கு மருந்தே வேறு, கதவு இடித்தது என்று சொன்னால் வேறு எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார், விரல் போய்விடும். எப்படி ஆச்சு என்று கட்டாயம் கேட்பார். என் மனைவியை வாயில் குத்தினேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்