அம்மாவுக்கு வலி

பாப்பா அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

இரண்டாவது பிரசவம் சட்டென்று ஆகிவிடலாம், தனியாக இருக்காதே என்று நர்ஸம்மா சொன்னார். அதனால் எனக்கு வலி வந்தால் எதிர்வீட்டு அருணா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லும்படி பாப்பாவைப் பழக்கினேன். முதல் நாள் அக்கா பதறி ஓடி வந்தார்கள். ஒத்திகை என்றதும் சிரித்து, அவளுக்கு முறுக்கு கொடுத்தார்கள். பிறகு தினமும் முறுக்குக்காகவே ஓடினாள்.

இன்று மதியம் நிஜமாகவே வலித்தது. கத்திக் கூப்பிட எனக்குக் கூச்சம். பாப்பாவை அனுப்பினேன்.

"வாடி கள்ளி, இன்னைக்கும் ஒங்கம்மாவுக்கு வலியா?" என்று அக்கா சிரிப்பது கேட்டது.

முறுக்கோடு திரும்பி வந்து எனக்குப் பாதி நீட்டினாள்.

வலி தானாக நின்றுவிட்டது. இதுவரை எதற்கும் உங்களை நான் கூப்பிட்டதில்லை. குவைத் முதலாளியிடம் லீவு கேட்டு உடனே வாங்க.

பாப்பாவின் அம்மா